நிறுத்திவைத்த பாடம்

மருதவாணன் ஓடத்திலிருந்து இறங்கியபோது அவன் மனத்தில் கோபம் என்று எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவன் போடப்போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இவன் சண்டைக்கென்றே வந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. தாடி முக்கால்வாசி வெளுத்துவிட்டது. இருந்தாலும் இத்தனை காலமும் ஒவ்வோர் ஆசிரியராகத் தேடிப் போய்ப் படித்துக்கொண்டே இருந்தவன். மாணவன்தான். அதனால் அவனை 'அவன்' என்றே சொல்லலாம். அவன் காதில் விழுந்தால் நம்மையும் திட்டுவான், அது வேறு விஷயம்.

பேச்சு வராத வயதில், ஊரில் கொள்ளைநோய் வந்து தாயும் தகப்பனும் போய்விட, யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆற்றங்கரை மடத்தில் விட்டார்கள். மடத்து ஆசான் சிவக்கொழுந்தர் அவனை வளர்த்தார். அவர் மடியில் உட்கார்ந்துதான் எழுத்துப் படித்தான். வாலிபம் வந்ததும் வெளியே இருக்கிற ஆசிரியர்களிடமும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். மலைநாட்டுக்குப் போனான். கடற்கரை ஊர்களுக்குப் போனான். வடக்கே, மொழி புரியாத ஊர்களிலெல்லாம் போய் உட்கார்ந்து கேட்டான்.

போன இடங்களில் சத்திரத்தில் படுத்தான். சத்திரம் இல்லாத இடத்தில் மாட்டுக் கொட்டகையில் படுத்தான். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், “ஆத்தங்கரை மடம்” என்பான். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும். அவனுக்குச் சொத்து என்று இருந்தது அந்தப் பதில் ஒன்றுதான்.

படித்துறையில் முகம் கழுவிக்கொண்டு, மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மடத்து வாசலுக்கு வந்தான். மடைப்பள்ளிக்குப் பொறுப்பான சாத்தப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தான். பருத்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு.

“வாங்க ஐயா, வாங்க. எந்த ஊர்லேருந்து வர்றீங்க?”

மருதவாணன் சிரித்தான். “இந்த ஊருதான்.”

“இந்த ஊரா? யாரு வீடு?”

“இந்த வீடுதான்யா!”

சாத்தப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தான். வெயில் தலைக்கு ஏறிப்போன ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். “சரிங்க. உள்ள வந்து முதல்ல ஒரு வாய் மோர் குடிங்க,” என்றான் இரக்கத்தோடு.

அந்த இரக்கம் மருதவாணனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மோரை வாங்கிக் குடித்தான்.

“ஆசான் எங்கப்பா?”

“பூசையில இருக்காங்க. இப்ப வந்துருவாங்க.”

“சிவக்கொழுந்தர் இந்நேரத்துக்குப் பூசை பண்ண மாட்டாரே.”

சாத்தப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “பெரிய ஐயாவைக் கேக்கறீங்களா? அவங்க சமாதியாகி வெகு காலம் ஆச்சுங்களே. நான் மடத்துக்கு வர்றதுக்கு முந்தியே. இப்ப எங்க ஆசான் உமைபாகருங்க.”

மருதவாணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவரிடம் சொல்வதற்கென்று எத்தனையோ சேர்த்துவைத்திருந்தான். தர்க்கத்தில் ஒரு முடிச்சு, மருந்து ஒன்று, வடக்கத்தியான் சொன்ன வேடிக்கை ஒன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம்தான் சாத்தப்பன் சொன்ன பெயர் அவனுக்கு உறைத்தது.

“யாரு? உமைபாகனா? நண்டா?”

சாத்தப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

உமைபாகன் மடத்தில் எல்லோருக்கும் இளையவன். திட்டு விழப்போகிறது என்றால் பக்கவாட்டிலேயே நடந்து சுவரோரமாக ஒளிந்துகொள்வான். நண்டு என்று பெயர் வைத்தது மருதவாணன்தான். அவனுக்கு மணலில் விரல் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவனும், மூக்குச் சிந்திவிட்டவனும், ஆற்றில் நீந்தப் பழக்கியவனும் மருதவாணன்தான். 'அண்ணே, அண்ணே' என்று பின்னாலேயே வருவான்.

அந்த நண்டு இப்போது ஆசானுடைய இடத்தில்!

துக்கத்துக்கு நடுவில் இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று மருதவாணனுக்கே தெரியவில்லை. ஆசானுக்குப் பிறகு அந்த இடத்தில் யார் உட்கார வேண்டும் என்று, நடந்த வழியெல்லாம் அவன் மனம் ஒன்றை முடிவுசெய்து வைத்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே கூட உரக்கச் சொன்னதில்லை.

உமைபாகர் வந்தார். நடுவயதுக்காரர். ஒல்லியான உடம்பு. ஆசான் இடத்தில் இருப்பவர் என்பதால் அவருக்கு 'அர்' போட்டுத்தான் ஆக வேண்டும்.

மருதவாணன் எழுந்து நின்றான். அண்ணே என்று ஓடி வருவான், முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு கையையும் கொஞ்சம் விரித்துக்கூட வைத்திருந்தான்.

உமைபாகர் நாலடி தள்ளியே நின்று கைகூப்பினார்.

“வாங்க. சௌக்கியமா இருக்கீங்களா?”

“என்னைத் தெரியலையா?”

“தெரியுதுங்க. மருதவாணர்.”

“மருதவாணரா?”

“வெகுதூரம் வந்திருக்கீங்க. கால் அலம்பிக்கிட்டு சாப்பிடுங்க. சாத்தப்பா, ஐயாவுக்கு வெளிக்கூடத்துல பாய் போட்டு வை.”

வெளிக்கூடம் என்பது வழிப்போக்கர்கள் தங்குகிற இடம். மடத்து ஆட்கள் அங்கே படுப்பதில்லை. மருதவாணன் விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டையை எடுத்துக்கொண்டான்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு கூத்து. மடத்தில் இருப்பவர்கள் மடைப்பள்ளியை ஒட்டின தாழ்வாரத்தில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடுவார்கள். சாப்பிட்டதும் அவரவர் தட்டை அவரவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். வெளியாட்களுக்கு மட்டும் முன்கூடத்தில் இலை போட்டு முதலில் பரிமாறுவார்கள். காசிக்குப் போகிற யாத்திரிகர்கள் இரண்டு பேருக்கு நடுவில் மருதவாணனுக்கு ஒரு தலைவாழை இலை விழுந்தது. பாயசம் வேறு.

“இன்னும் கொஞ்சம் விடட்டுங்களா? கூச்சப்படாமச் சாப்பிடுங்க,” என்றான் சாத்தப்பன்.

கூச்சப்படாமலா? இந்த மடைப்பள்ளி அடுப்புக்கு மண் மிதித்துக் குழைத்தவன் மருதவாணன்! மீதிப் பாயசத்தோடு இலையை மடித்தான்.

சாயங்காலம் தண்ணீர் இறைக்கலாம் என்று கிணற்றடிக்குப் போனான். கயிற்றைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்திருப்பான். சாத்தப்பன் ஓடிவந்தான்.

“ஐயோ, விடுங்க ஐயா. வந்த இடத்துல வேலை செய்யலாமா?”

“எனக்கு இதுல என்னய்யா? இளவயசுல நான் இறைக்காத தண்ணியா?”

“இருக்கட்டுங்க. இப்ப விடுங்க.”

“விட மாட்டேன்.”

“ஆசான் பார்த்தா என்னைத் திட்டுவாங்க. குடுங்க ஐயா.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வாளியைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் தண்ணீர் முழுக்க இரண்டு பேர் மேலும் கொட்டியது. சாத்தப்பன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துண்டு எடுத்துவந்து கொடுத்தான். மன்னிப்புக் கேட்காமல் ஒரு திட்டுத் திட்டியிருந்தால் மருதவாணனுக்கு மனம் ஆறியிருக்கும்.

ஈர வேட்டியோடு வெளிக்கூடத்துக்குத் திரும்பும்போது மாணவர்கள் முற்றத்தில் பாடம் ஓதிக்கொண்டிருந்தார்கள். அது மடத்துக்கே உரிய நூல். ஓலையில் எழுதுவதில்லை. ஆசான் வாயால் சொல்ல மாணவன் காதால் கேட்டு நெஞ்சில் வைத்துக்கொள்வது. அந்த ராகம் காதில் விழுந்ததும் மருதவாணன் நின்றான். அவன் உதடும் கூடவே அசைந்தது. படலம் படலமாகப் போய்க் கடைசிப் படலத்துக்கு முன்பாக மாணவர்கள் நிறுத்தினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

“ஏம்ப்பா, கடைசிப் படலம் எங்க?” என்றான் மருதவாணன்.

“எங்களுக்கு இவ்வளவுதாங்க ஐயா பாடம்,” என்றான் ஒரு மாணவன், எழுந்து நின்று மரியாதையாக.

“இவ்வளவுதான்னா? இன்னும் ஒண்ணு உண்டே!”

“இருக்கலாங்க ஐயா.”

இருக்கலாமாம்! மருதவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பேர்ப்பட்ட சிவக்கொழுந்தர் உட்கார்ந்த இடத்தில் அரைகுறையை உட்காரவைத்தால் இப்படித்தான். நூலுக்கு உயிரே கடைசிப் படலம் என்று ஆசான் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! அதை விட்டுவிட்டு ஓதச் சொல்கிறானே, நண்டுக்கு என்ன நெஞ்சழுத்தம்!

அந்தக் கடைசிப் படலத்தை மருதவாணனும் கேட்டதில்லை. அதற்கு முன்பே மூட்டையைக் கட்டிவிட்டான். ஆனால் கோபத்தில் இருக்கிற மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

மறுநாள் காலையில் காசி யாத்திரிகர்கள் கிளம்பத் தயாரானார்கள். அதில் ஒருவர் நெற்றிக்கு இட்டுக்கொண்டே, “நீங்க எப்பக் கிளம்பறீங்க?” என்று அன்போடு விசாரித்தார். மருதவாணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது சாத்தப்பன் மந்தார இலையில் கட்டிய மூன்று பொட்டலங்களோடு வந்தான். யாத்திரிகர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தான். மூன்றாவதை மருதவாணன் கையில் வைத்தான்.

“புளிச்சோறுங்க. நல்லெண்ணெய் தாராளமா விட்டிருக்கேன். ஐயாவுக்கும் சேர்த்தே கட்டிட்டேன்.”

மருதவாணன் பொட்டலத்தைப் பார்த்தான். சாத்தப்பனைப் பார்த்தான். பிறகு பாடசாலைக் கூடத்தை நோக்கி நடந்தான். நடந்தான் என்பதைவிடப் பாய்ந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

உமைபாகர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டேய் நண்டு!”

மாணவர்களில் இரண்டு பேர் பயந்து காலைத் தூக்கிக்கொண்டு தரையில் நண்டைத் தேடினார்கள்.

மருதவாணன் பொட்டலத்தை நீட்டினான். “என்னடா இது?”

“புளிச்சோறு மாதிரி இருக்குங்க.”

“எதுக்கு?”

“வழியில பசிக்குமேன்னு கட்டியிருப்பான்.”

“எந்த வழியில? நான் எங்கடா போறேன்? இனிமே எனக்குப் போறதுக்கு ஊர் எங்கடா இருக்கு?”

உமைபாகர் பொட்டலத்திலிருந்து கண்ணை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தார்.

“நாடு பூரா சுத்தினேன். கொட்டகையில மாட்டு மூத்திரத்துல படுத்தேன். ஒரு ஊர்ல திருடன்னு கட்டிவெச்சு அடிச்சாங்க. வாயைத் திறந்து ஒரு முனகல் முனகல. எனக்குன்னு ஒரு வாசல் இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்டா. வந்து நின்னா, எந்த ஊருன்னு கேக்கறான்! இலை போட்டுப் பாயசம் ஊத்தறீங்க! வாளியைத் தொட விட மாட்டேங்கறீங்க! நீ என்னை வாங்க போங்கங்கறே! உனக்கு மூக்குச் சிந்தி விட்டவன்டா நான்!”

ஒரு மாணவனுக்குச் சிரிப்பு வந்தது. மருதவாணனுடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்தப் பெரிய மனுஷன் கண்ணில் தண்ணீர் நின்றது.

“சொல்லு. ஒரே வார்த்தையில சொல்லு. இது எனக்கு வீடா, சத்திரமா?”

உமைபாகர் மணையிலிருந்து எழுந்தார். கீழே வந்து மருதவாணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“கிளம்பின அன்னிக்கு ஆசான்கிட்ட என்ன சொன்னீங்க?”

“எதுக்கு இப்ப அது?”

“என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்வாங்க? போயிட்டு வர்றேன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“இது ஒரு கேள்வியாடா? கிளம்பற எடத்துல எவனாவது போறேன்னு சொல்வானா? அப்படிச் சொல்ல வாய்தான் வருமா? எழவு வீட்டுலதான் சொல்லாமப் போவாங்க. போயிட்டு வர்றேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. நானும் சொன்னேன்.”

“எல்லாரும் சொல்றதைச் சொன்னீங்க.”

“ஆமா.”

“ஆசான் அதை அப்படி எடுத்துக்கலையே,” என்றார் உமைபாகர்.

மருதவாணன் அவரை முறைத்தான்.

“நீங்க போய் நாலஞ்சு வருஷத்துல எங்களுக்குப் பாடம் ஆயிடுச்சு. கடைசிப் படலம் ஒண்ணுதான் பாக்கி. நல்ல நாள் பார்த்து, குளிச்சு, ஈரத்தோட போய் அவர் முன்னால உட்கார்ந்தோம். ஆசான் எங்களை ஒரு சுத்து பார்த்தாரு. 'மருதன் வரட்டும்'னாரு.”

“என்னது?”

“மூத்த மாணவன் உட்கார்ந்து முதல்ல கேக்கணும், மத்தவங்க அவன் பின்னால உட்கார்ந்து கேக்கணும். அதுதானே இங்க முறை? 'வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். வந்து நின்னு, எனக்கு முந்தியே இவங்களுக்குச் சொல்லிட்டீங்களான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது'ன்னாரு.”

மருதவாணன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான்.

“வருஷா வருஷம் நல்ல நாள் பார்த்தோம். வருஷா வருஷம் அதே பதில். நான் ஒரு தரம் சண்டைக்கே நின்னேன். 'போயிட்டு வர்றேன்னு எல்லாரும் சொல்றதுதானே ஐயா, அதை நம்பிப் பாடத்தை நிறுத்தி வைக்கலாமா'ன்னு கேட்டுட்டேன். கைத்தடியைத் தூக்கிக்கிட்டு அடிக்க வந்துட்டாரு. 'என் மருதன் எல்லாரும் சொல்றதைச் சொல்றவனாடா'ன்னாரு.”

மாணவர்கள் யாரும் அசையவில்லை. அவர்களுக்கும் இது புதிய சேதி.

“அப்புறம்?” என்றான் மருதவாணன்.

“அப்புறம் ஒரு நாள் அவருக்கு நாக்கு விழுந்துடுச்சு. எங்களைக் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினாரு. என்னமோ சொல்லப் பார்த்தாரு. குழறலா வந்துச்சு. ஒரு சொல்லும் பிடிபடல. ராத்திரி பகலா காதைக் கொண்டுபோய் அவர் வாய்க்கிட்ட வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். போயிட்டாரு.”

உமைபாகர் நிமிர்ந்து பார்த்தார். “நேத்து நீங்க கேட்டீங்களாமே, கடைசிப் படலம் எங்கேன்னு?”

அடித்திருந்தால்கூட மருதவாணன் அப்படித் துவண்டிருக்க மாட்டான். பொட்டலம் மடியில் விழ, சுவரில் சாய்ந்துகொண்டான். ஆனாலும் கோபம் அவனை லேசில் விடவில்லை. அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை என்று தோன்றியதோ என்னவோ.

“நான் என்ன கூத்தடிக்கவாடா போனேன்? படிக்கத்தானே போனேன்! இப்படிக் காத்திருக்கேன்னு ஒரு ஆள் அனுப்பியிருக்கலாமே?”

“எந்த ஊருக்கு?” என்றார் உமைபாகர்.

மருதவாணன் தலையைக் குனிந்துகொண்டான். “தப்புதான். ஒத்துக்கறேன். அதுக்காக என்னை விருந்தாளி ஆக்கிடுவியா?” என்றான். குரலில் பழைய வேகம் இல்லை. ஆனால் வலி அப்படியே இருந்தது.

“விருந்தாளிக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்கண்ணே. வந்தா சோறு போடுவோம். போனா மறந்துடுவோம். வீட்டு ஆளுன்னா அப்படி முடியாது. ஆசான் காத்திருந்ததைப் பக்கத்துலயே இருந்து பார்த்தவன் நான். என்னால அது ஆகாது. அதான் நீங்க மூட்டையோட வந்து நின்னதைப் பார்த்ததும் இலை போடச் சொல்லிட்டேன்.”

அண்ணே என்று சொல்லிவிட்டதை உமைபாகர் கவனித்ததாகத் தெரியவில்லை. மருதவாணன் கவனித்தான்.

வெளியே யாத்திரிகர்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. சாத்தப்பன் வாசல்படியில் வந்து நின்றான். தான் கட்டின புளிச்சோறு எதற்கு இவ்வளவு ரகளையைக் கிளப்பியது என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

“போன இடத்துலயெல்லாம் பாடத்தை முடிச்சீங்களா?” என்று கேட்டார் உமைபாகர்.

“முடிச்சது உண்டு. முடிக்காததும் உண்டு.”

“முடிக்காம வந்தது எங்க?”

“கடற்கரையில காளத்தியார்னு ஒருத்தர். ரெண்டு கண்ணும் தெரியாது. யாப்பு அவர்கிட்டதான் கேக்கணும். அப்படிச் சொல்வாரு. அவர் வீட்டம்மா எனக்குன்னு தனியா மீன் இல்லாமக் குழம்பு வைப்பாங்க. முக்கால்வாசி ஆச்சு. அதுக்குள்ள வடக்கே ஒருத்தர் தர்க்கம் சொல்றார்னு கேள்விப்பட்டேன். இருப்புக் கொள்ளல. கிளம்பிட்டேன்.”

“கோவிச்சுக்கிட்டாரா?”

“சேச்சே. தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணினாரு. மீதியை வந்து கேட்டுக்கோன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்வேன்? நான்...”

மருதவாணன் அதோடு நிறுத்திவிட்டான்.

உமைபாகர் காத்திருந்தார். பிறகு, “உங்ககூட யாரும் படிச்சாங்களா?” என்றார்.

“ஏழெட்டுப் பேர் இருந்தாங்க.”

“எல்லாரும் உங்களைவிடப் பெரியவங்களா?”

“இல்ல. எல்லாம் சின்னப் பசங்க. நான்தான்...”

இந்த முறையும் அவன் முடிக்கவில்லை. கூடத்தில் இருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். நூலில் ஒரு படலம் குறைந்தவர்கள் அவர்கள். அது என்ன மாதிரிக் குறை என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அவர் இப்ப இருக்காரோ இல்லையோ,” என்றான் மருதவாணன், யாரிடமும் இல்லாமல்.

“தெரியலைண்ணே.”

“அப்பவே வயசானவர்.”

“ம்.”

“இருந்தாருன்னா...”



மருதவாணனுக்கு மறுபடியும் கோபம் வந்தது. யார்மேல் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது இந்த ஒரு தடவைதான். பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டலத்தோடு எழுந்தான். “ஒரு பேச்சுக்குச் சொல்றதை இப்படியா இவங்கெல்லாம் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க? ஒருத்தன் சொன்னானேன்னு...” என்று ஆரம்பித்தான். அவன் குரல் உடைந்துபோயிற்று. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

பிறகு வாசல்படிக்குப் போய்ச் சாத்தப்பன் முன்னால் நின்றான்.

“இந்தச் சோறு ரெண்டு நாளைக்குத் தாங்குமாய்யா?”

“எண்ணெய் நல்லா விட்டிருக்கேன். தாங்குங்க.”

“இன்னொரு பொட்டலம் கட்டிக் குடு. கடற்கரைக்குப் போகணும்.”

சாத்தப்பன் ஆசானைப் பார்த்தான். ஆசான் தலையசைத்தார். சாத்தப்பன் மடைப்பள்ளிக்கு ஓடினான்.

மூட்டை கட்ட அதிக நேரம் ஆகவில்லை. முந்தின நாள் அவன் அதை முழுதாக அவிழ்த்திருக்கவே இல்லை. மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் அவன் காலில் விழவில்லை, கைகூப்பவும் இல்லை. எதைச் செய்வது பொருத்தம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

உமைபாகர் படித்துறைவரை கூடவே வந்தார். ஓடத்தில் யாத்திரிகர்கள் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். “நீங்களும் வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு,” என்று அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மருதவாணன் மூட்டையை உள்ளே வைத்தான். ஒரு காலை ஓடத்தில் வைத்துக்கொண்டு திரும்பினான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அத்தனை சாஸ்திரம் கேட்டும் அந்த நேரத்துக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

“போயிட்டு வர்றேன்டா.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கோலை ஊன்றப் போன ஓடக்காரனைக் கையைக் காட்டி நிறுத்தினான்.

உமைபாகர் தண்ணீர் விளிம்புவரை இறங்கி வந்து நின்றார்.

“எப்போ?” என்றார்.